பெட் சோர் வந்தால் சிஸ்டருக்கு மெமோவா?

கேள்வி: டெல்டா மாவட்டம் ஒன்றில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எலும்பு முறிவு, பக்கவாதம், பொது மருத்துவம் எல்லாம் கலந்த வார்டு. இரவில் முப்பது நோயாளிகளுக்கு இரண்டு பேர்தான். போன மாதம் 68 வயதுப் பெரியவர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து வந்தார். சர்க்கரை நோயாளி. வேறொரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருந்துவிட்டு, திங்கள்கிழமை எங்களிடம் வந்தார். சர்க்கரை கட்டுக்குள் வராததால் புதன்கிழமைதான் ஆபரேஷன் நடந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் விரிப்பு மாற்றும்போது, வாலெலும்புக்கு மேலே உள்ளங்கை அளவுக்குக் கருநீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். உடனே கேஸ் ஷீட்டில் எழுதி, டாக்டரிடமும் சொன்னேன். அடுத்த வாரம் அந்த இடம் கறுத்து, உடைந்து புண்ணாகிவிட்டது. "சிஸ்டர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று அவருடைய மகன்கள் சண்டை போட்டார்கள். நான் அந்தக் கன்றலைப் பார்த்த அன்று நைட் டியூட்டியில் இருந்த எங்கள் இருவருக்கும் நிர்வாகம் மெமோ கொடுத்துவிட்டது.

இந்தப் புண்ணுக்கு நாங்கள்தான் காரணமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும் என்று படித்திருக்கிறோம். இரண்டு பேர் முப்பது பேரை எப்படிப் புரட்டுவது? ஏர் பெட் போட்டுவிட்டால் புரட்ட வேண்டியதில்லையா? டிரஸ்ஸிங்கில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் பெட்டடினும் ஊற்றச் சொல்கிறார்கள். வீட்டார் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். எது சரி?

— பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்: அன்புள்ள சிஸ்டர், முதலில் நாள்கணக்கைப் பார்த்துவிடுவோம்.

தோல் உடையாமல் கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ கன்றித் தெரிந்தால், எலும்பை ஒட்டியிருக்கும் சதை உள்ளே ஏற்கெனவே நசுங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சேதம் நடந்த அன்றே வெளியே தெரியாது. பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் தோலில் நிறம் மாறும். சனிக்கிழமை விடியற்காலையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதன் காலைக்கும் வியாழன் காலைக்கும் நடுவில் வந்து நிற்கும். ஆபரேஷன் மேசையில் அசையாமல் கிடந்த நேரமும், மயக்க ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்க் கிடந்த அந்த இரவும் அதற்குள் வருகின்றன. உடம்பு கடிகாரம் பார்த்து நடப்பதில்லை என்பதால், விழுந்த நாளிலிருந்தே சேதம் தொடங்கியிருக்கவும் இடமுண்டு. எப்படிப் பார்த்தாலும் வெள்ளிக்கிழமை இரவு டியூட்டிக்கு வந்தவர்கள் அந்தப் புண்ணை உண்டாக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மெமோ போயிருப்பது, புண்ணைக் கண்டுபிடித்து எழுதிவைத்தவருக்கு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். திங்கள்கிழமை அவர் வார்டுக்கு வந்தபோது முதுகையும் குதிகாலையும் யாராவது பார்த்து எழுதினார்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. இடுப்பு உடைந்தவரைத் திருப்பினால் வலியில் துடிப்பார் என்று பல இடங்களில் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யத் தொடங்கியதும் மூன்று பேராகச் சேர்ந்து சற்றே சாய்த்துப் பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் கையுறை போட்ட கையை இடுப்புக்கு அடியில் விட்டுத் தடவியாவது பார்க்கலாம். வந்த சில மணி நேரத்துக்குள் இதைச் செய்து, "வாலெலும்பு: தோல் நன்றாக உள்ளது, இடது குதிகால்: சூடாக, மெத்தென்று உள்ளது" என்று இரண்டு வரி எழுதிவிட்டால், பிறகு நடப்பதற்கு ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கும். ஆபரேஷனுக்கு அனுப்பும் முன்னும் தியேட்டரிலிருந்து திரும்பியதும் மறுபடி பார்க்க வேண்டும். இந்த மூன்று பதிவுகளும் இருந்திருந்தால் உங்கள் நிர்வாகம் ஆளைத் தேடியிருக்காது, நேரத்தைத் தேடியிருக்கும்.

இந்தப் புண் எப்படி உண்டாகிறது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். படுக்கைக்கும் எலும்புக்கும் நடுவில் சதை மாட்டிக்கொள்கிறது. அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அமுங்கி ரத்தம் போவது நிற்கிறது. தோலைவிடச் சதை இந்தப் பட்டினியைத் தாங்காது. அதனால்தான் உள்ளே பெரிய குழியும் மேலே சின்னத் திறப்புமாகப் பல புண்கள் இருக்கின்றன. நேரான அழுத்தத்தைவிட மோசமானது இழுவை. தலைமாட்டை உயர்த்தி வைத்தால் நோயாளி மெல்ல மெல்லக் கீழே சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி அங்கேயே நிற்க, எலும்பு மட்டும் உள்ளே கீழிறங்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை மடக்கிப் பிடித்தாற்போல, நடுவிலுள்ள ரத்தக்குழாய்கள் மடங்கிக்கொள்ளும். இதோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்தால் தோல் ஊறி வலுவிழந்துவிடும். ரெக்ஸின் உறை போட்ட மெத்தையில், நம் ஊர் மே மாதத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலைக் கட்டிலில் படுத்திருப்பவரின் முதுகைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

நமக்கெல்லாம் ஏன் இப்படி வருவதில்லை? உறுத்துகிறது, புரண்டு படுக்கிறோம். தூக்கத்திலும் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்கிறது. உறுத்தலை உணர முடியாதவருக்கும், உணர்ந்தாலும் புரள முடியாதவருக்கும்தான் ஆபத்து. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால் புண்களை ஆராய்ந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயப்படுவதே அந்தப் புண்களுக்குக் காரணம் என்று காட்டினார். அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். அவருடைய முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இப்படிப்பட்ட மையங்களில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் ஒன்று, கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிப்பதும், கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே பார்த்துக்கொள்வதும்தான்.

இரண்டு மணி நேரக் கணக்கு வேரூன்றியதிலும் முதுகுத்தண்டு நோயாளிகளுக்குப் பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு முதுகுத்தண்டு முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். அது விதி என்றே மருத்துவ உலகம் நினைத்திருந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றதும், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளிகளைப் புரட்டச் செய்தார். செத்துவிடுவார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள், விளையாடினார்கள். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டது அந்த வார்டுதான். இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஆளும் நேரமும் ஒதுக்கி அவர் செய்த ஏற்பாடு. தனியாக ஒரு நர்ஸின் மனசாட்சியை நம்பி அவர் அதைச் செய்யவில்லை.

அப்படியானால் உங்கள் வார்டில் முப்பது பேருக்கு இரண்டு பேர் என்ன செய்வது? முப்பது பேரையும் புரட்ட வேண்டியதில்லை. தானாகப் புரள முடியாதவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் டியூட்டியின் முதல் அரை மணி நேர வேலை. இதற்குத்தான் பிரேடன் மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்கச் செவிலியர் உருவாக்கி 1987-ல் வெளியிட்டது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசையும் திறன், உணவு, உராய்வும் இழுவையும் என்று ஆறு தலைப்புகள். மொத்தம் 6-லிருந்து 23 வரை வரும். 18-ம் அதற்குக் கீழும் வந்தால் ஆபத்து உண்டு. பல மருத்துவமனைகளில் மொத்த எண்ணை மட்டும் எழுதி மூடிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தத் தலைப்பில் மதிப்பெண் குறைந்திருக்கிறதோ அங்கேதான் வேலை இருக்கிறது. ஈரத்தில் குறைந்தால் டயப்பரையும் விரிப்பையும் பாருங்கள். உணவில் குறைந்தால் டயட்டீஷியனைக் கூப்பிடுங்கள். வெறும் "14" என்ற எண் யாரையும் எதையும் செய்யவைக்காது.

இரண்டு மணி நேரம் என்பதும் கல்வெட்டு இல்லை. அதே நான்சி பெர்க்ஸ்ட்ராம் தலைமையில் அமெரிக்க, கனடிய முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஓர் ஆய்வு நடந்து 2013-ல் வெளியானது. அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்தார்கள். புண் வருவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நல்ல மெத்தை இருந்தது, ஒவ்வொரு முறையும் தோலைப் பார்த்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. நடுவில் பள்ளம் விழுந்த பழைய மெத்தைக்கு இந்த முடிவு பொருந்தாது. உங்கள் வார்டில் ஆபத்து மிகுந்தவருக்கு இரண்டு மணி நேரம், ஓரளவு அசைபவருக்குத் தோலைப் பார்த்து மூன்று அல்லது நான்கு என்று டாக்டரோடு பேசி நீங்களே வகுத்துக்கொள்ளலாம். புரட்டியதும் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். முன்பு படுத்திருந்த பக்கம் நிறமோ சூடோ மாறாமல் இருந்தால் அந்த இடைவெளி அவருக்குப் போதும்.

நம் ஊர் மருத்துவமனைகளில் ஒரு பெரிய பலம் உண்டு. கட்டிலுக்கு ஒருவர் அட்டெண்டராக உட்கார்ந்திருக்கிறார். பல நாடுகளில் இது கிடையாது. டீ வாங்கவும் மருந்துக் கடைக்கு ஓடவும்தான் அவரைப் பயன்படுத்துகிறோம். அவருக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுங்கள்: "ஐயா, அப்பாவை மணி பத்துக்கு இடப் பக்கம், பன்னெண்டுக்கு வலப் பக்கம் திருப்பணும். நீங்க தனியா இழுக்காதீங்க, எங்களைக் கூப்பிடுங்க, சேர்ந்து திருப்புவோம்." ஒரு தாளில் நேரத்தையும் பக்கத்தையும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். யார் திருப்பினாலும் டிக் போடட்டும். பொறுப்பு உங்களுடையதுதான், அதை அட்டெண்டர் தலையில் கட்டக் கூடாது. ஆனால் தன் கையால் இரவில் மூன்று முறை திருப்பிவிட்ட மகன், சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டார்.

புரட்டும் முறையில் இன்னும் கவனம் வேண்டும். ஒருக்களித்து முழுதாக 90 டிகிரியில் படுக்கவைத்தால் உடம்பின் எடை முழுவதும் தொடை எலும்பின் மேல்முனையில் விழும். புது இடத்தில் புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி 30 டிகிரி சாய்வாக வைத்தால் வாலெலும்பும் தப்பும், தொடை எலும்பின் மேல்முனையும் தப்பும். மேலே தூக்கிப் போடும்போது தோளைப் பிடித்து இழுக்காமல், ட்ரா ஷீட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். குதிகாலுக்கு அடியில் தலையணை வைப்பது பழக்கத்தில் இருக்கிறது. அது தவறு. கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் தலையணை வைத்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். அடியில் ஒரு தாளை நுழைத்தால் தடையில்லாமல் போக வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு அந்தக் காலின் குதிகால் வாலெலும்புக்கு அடுத்த ஆபத்தான இடம்.

தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ரைல்ஸ் டியூப்பில் உணவு கொடுக்கிற நோயாளிக்கு அது நுரையீரலுக்குள் போகாமலிருக்க 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் ஆக வேண்டும். இரண்டும் உண்மை, இரண்டும் மோதும். முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்தி, அதன் பிறகு தலைமாட்டை உயர்த்தினால் சறுக்குவது குறையும். உணவு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து 30-க்கு இறக்கிவிடலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு டாக்டர் சொல்லாமல் இறக்கக் கூடாது. அவர்களுக்குத் தோலை இன்னும் அடிக்கடி பார்ப்பதுதான் வழி.

நிறத்தைப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாடப்புத்தகங்களில் படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று காட்டும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்று படிக்கிறோம். நம் மக்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது. சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் இரண்டாம் நிலை வந்த பிறகுதான் கண்ணில் படும். கையால் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கல்லாக இறுகியிருக்கிறதா, நீர் கோத்தாற்போல் மெத்தென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா? டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்த இடம் மட்டும் கூடுதலாகக் கறுத்தோ ஊதா படர்ந்தோ தெரியும். இதில் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் படுக்கவிடாதீர்கள்.

வாலெலும்பையும் குதிகாலையும் மட்டும் பார்த்தால் போதாது. ஆக்சிஜன் மாஸ்க் அழுத்தும் மூக்குத்தண்டு, ஆக்சிஜன் குழாய் செல்லும் காதின் பின்புறம், ரைல்ஸ் டியூப் ஒட்டிய மூக்கு ஓரம், தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்ட கதீட்டர், மாவுக்கட்டின் விளிம்பு, விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் எல்லாமே புண் உண்டாக்கும். படுக்கைக்குள் விழுந்துகிடக்கும் ஊசி மூடிகளையும் எடுத்துப் போடுங்கள்.

ஏர் பெட்டுக்கு வருகிறேன். காற்றறைகள் மாறி மாறி உப்பி அடங்குவதால் அழுத்தம் ஓரிடத்திலேயே தங்காது. நல்ல உதவிதான். ஆனால் புரட்டும் வேலையை அது செய்வதில்லை. இடைவெளியைக் கொஞ்சம் நீட்டிக்க உதவலாம், அவ்வளவே. பம்ப் ஓடுகிறதா, நோயாளியின் எடைக்கு ஏற்ப அழுத்தம் வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு டியூட்டியிலும் பாருங்கள். நோயாளியின் இடுப்புக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டால் அவருடைய எலும்பு கையில் தட்டக் கூடாது. தட்டினால் காற்று போதவில்லை. மின்சாரம் போனால் பல பம்புகளில் காற்று இறங்கி, வெறும் கட்டிலில் படுத்த கதையாகிவிடும். இன்னொன்று, ஏர் பெட்டின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் விரிப்பு, அதன் மேல் மடித்த வேட்டி, அதன் மேல் டயப்பர் என்று அடுக்குகிறார்கள். அத்தனை அடுக்குக்கு மேல் படுத்தவருக்கு ஏர் பெட் இருந்தும் பலனில்லை. ஒரு விரிப்பு போதும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும், தண்ணீர் நிரப்பிய கையுறையும் வேண்டவே வேண்டாம். வளையம் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெருக்கி, நடுவிலிருக்கும் சதையை வீங்கவைக்கும்.

பவுடர் போட்டுத் தேய்ப்பதைப் பற்றி: நம் செவிலியர் பள்ளிகளில் பல தலைமுறையாக ஸ்பிரிட்டும் பவுடரும் கொண்டு முதுகு தேய்க்கக் கற்பித்தார்கள். எலும்பு துருத்திய இடத்தில், ஏற்கெனவே நிறம் மாறிய தோலை அழுத்தித் தேய்த்தால் உள்ளே நைந்திருக்கும் சதை மேலும் கிழியும். ஸ்பிரிட் தோலை வறட்டும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உராயும். மலமோ சிறுநீரோ பட்டால் வெறும் தண்ணீரிலோ காரம் குறைந்த சோப்பிலோ கழுவி, ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவுங்கள். அது போதும். டயப்பர் போட்டிருந்தால் நனைந்ததும் மாற்ற வேண்டும். நாளைக்கு இரண்டு என்று கணக்கு வைக்க முடியாது. தொடை இடுக்கில் எலும்பே இல்லாத இடத்தில் பரவலாகச் சிவந்து தோல் உரிந்திருந்தால் அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த தோல் அழற்சி. அதைப் படுக்கைப் புண் என்று எழுதினால் வைத்தியம் தடம் மாறிவிடும்.

இனி வந்துவிட்ட புண். முதல் வைத்தியம், அதன் மேல் படுக்காமலிருப்பது. எந்த விலை உயர்ந்த களிம்பும் இதற்கு ஈடாகாது. கழுவ நார்மல் சலைன் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கெல்லாம் வெளியேறுகிறது என்று நம்புகிறார்கள். வளரத் தொடங்கும் புதுச் செல்களையும் அது சேர்த்துக் கொல்லும். பெட்டடினுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொற்று உள்ள, அழுகல் மண்டிய புண்ணுக்குச் சில நாட்கள் டாக்டர் சொன்னபடி போடலாம். சிவந்த சதை வளர்ந்துவரும் சுத்தமான புண்ணில் மாதக்கணக்கில் ஊற்றுவது ஆறுவதைத் தள்ளிப்போடும். புண் காய்ந்தால்தான் ஆறும் என்ற எண்ணமும் சரியில்லை. புண்ணின் தரை ஈரமாகவும் சுற்றியுள்ள தோல் உலர்ந்தும் இருந்தால்தான் புதுத் தோல் நகர்ந்து வந்து மூடும். குழிப் புண்ணில் காஸை அமுக்கித் திணித்தால் அதுவே இன்னொரு அழுத்தம். தளர்வாக நிரப்புங்கள்.

உங்கள் பெரியவரின் புண் கறுத்திருந்தது என்றீர்கள். கறுப்புத் தோல் மூடியிருக்கும்வரை அது மூன்றாம் நிலையா நான்காம் நிலையா என்று யாராலும் சொல்ல முடியாது. செத்த சதையை அறுவை மருத்துவர் நீக்கிய பிறகே ஆழம் தெரியும். நீக்கியதும் புண் பெரிதாகிவிட்டது என்று வீட்டார் பதறுவார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குதிகாலில் காய்ந்து, கெட்டியாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் வீக்கமோ சீழோ இல்லாத கறுப்பு இருந்தால் அதை மட்டும் தொடக் கூடாது. அதுவே அங்கே ஒரு மூடி. புண்ணின் மேற்பரப்பில் எப்போதும் கிருமி இருக்கும். அதனால் பஞ்சில் தொட்டு எடுத்து கல்ச்சர் அனுப்பி, வந்த கிருமிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் போடுவது வீண். காய்ச்சல், சுற்றிலும் பரவும் சூடும் வீக்கமும், சீழ், புண்ணுக்குள் விடும் கருவி எலும்பில் தட்டுவது, நோயாளி குழம்பிப் பேசுவது இவை இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். வாரம் ஒருமுறை நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதுங்கள். இரண்டு வாரமாகியும் மாற்றம் இல்லையென்றால் செய்துகொண்டிருப்பதையே தொடரக் கூடாது.

சாப்பாட்டில்தான் நம் ஊரில் பெரும் இழப்பு நடக்கிறது. புண் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். 1,800 முதல் 2,100 கலோரி. நாம் கொடுப்பது கஞ்சி, ரஸ்க், இட்லி, ரசம் சாதம். முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. புதுச் சதை எதிலிருந்து உண்டாக வேண்டுமோ அதையே தடுக்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை, மீன், கோழி, கெட்டித் தயிர், சுண்டல், பருப்பு என்று வேளைக்கு ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலும் ரத்தசோகையோடும் எந்தப் புண்ணும் ஆறாது.

எல்லாப் புண்ணையும் தடுத்துவிட முடியுமா? பெரும்பாலானவற்றை முடியும். ரத்த அழுத்தம் பாதாளத்தில் கிடந்து, அதைத் தூக்கிநிறுத்தும் மருந்துகள் ஓடும் ஐ.சி.யூ. நோயாளிக்கும், கடைசி நாட்களில் இருப்பவருக்கும், எல்லாம் சரியாகச் செய்தும் தோல் தோற்றுப்போவதுண்டு. 2010-ல் கூடிய அமெரிக்க நிபுணர் குழுவும் இதை ஒப்புக்கொண்டது. ஆனால் "தடுக்க முடியாதது" என்று சொல்லும் உரிமை, தடுக்கச் செய்ததையெல்லாம் எழுதிவைத்தவருக்குத்தான் உண்டு.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள். நிறம் மாறியதைப் பார்த்த அன்றே அழைத்துக் காட்டி, என்ன ஆகக்கூடும், என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டில் செய்ய வேண்டியதைக் கைப்பிடித்துக் கற்றுக்கொடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார்கள். ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மெமோவுக்குப் பதில் எழுதும்போது புலம்ப வேண்டாம். திங்கள் முதல் சனி வரை நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள். தோல் பதிவு எங்கே விட்டுப்போயிற்று என்பதையும் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். என்.ஏ.பி.எச். அங்கீகாரத்துக்காகப் படுக்கைப் புண்களை எண்ணச் சொல்கிறார்கள், நீங்களும் எண்ணுகிறீர்கள். கண்டுபிடித்துச் சொல்பவருக்கு மெமோ கொடுத்தால் அடுத்த மாதம் எண்ணிக்கை குறையும், புண்கள் குறையாது. யாரும் எழுத மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, பள்ளம் விழுந்த மெத்தைகளை மாற்றுங்கள், தியேட்டர் மேசைக்கு நல்ல பேட் வாங்குங்கள், புரள முடியாத நோயாளிகள் இருக்கும் வார்டுக்கு இரவில் மூன்றாவதாக ஓர் ஆளைப் போடுங்கள். ஆழமான ஒரு புண்ணை ஆற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஆளின் சம்பளம் சிறியது.